முயலுக்கும் நரிக்கும் ஒரு துப்பாக்கி: பிரிட்டனின் உரிம முறை கேட்கும் கேள்விகள்

பிரிட்டனின் மலைப்புறப் பண்ணைகளில் மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஆடுகள் குட்டி ஈனும் காலம். இரவில் பிறந்த குட்டிகளில் ஒன்றிரண்டு காலையில் காணாமல் போயிருந்தால், பண்ணையாளரின் சந்தேகம் முதலில் நரியின் மீதே விழும். வயலின் ஓரத்தில் புதிதாக முளைத்த கோதுமைப் பயிர் அடியோடு கத்தரிக்கப்பட்டிருந்தால், அது முயலின் வேலை என்று அவர் முடிவு செய்வார்.

இவ்விரண்டையும் கட்டுப்படுத்துவதற்காக ஒரு ரைஃபிள் துப்பாக்கியை வாங்க விரும்பும் ஒருவர், துப்பாக்கிக் கடையிலிருந்து தன் முயற்சியைத் தொடங்க முடியாது. எந்த நிலத்தில் சுடப் போகிறார், எந்த விலங்கைச் சுடப் போகிறார், அதற்கு எந்த அளவுத் தோட்டா பொருத்தமானது, அவரிடம் துப்பாக்கியை நம்பி ஒப்படைக்கலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகே அவர் கடைக்குச் செல்ல முடியும்.

பிரிட்டனில் துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமை அல்ல. நிபந்தனைகளுடன் அளிக்கப்படும் அனுமதி. இந்த அடிப்படையைப் புரிந்துகொண்டால், எந்தத் துப்பாக்கியைத் தேர்வு செய்வது என்ற கேள்வியும் அதற்கு எப்படி உரிமம் பெறுவது என்ற கேள்வியும் உண்மையில் ஒரே கேள்விதான் என்பது விளங்கும்.

விலங்குகள் குறித்த சட்டம்

முயல் பிரிட்டனின் பூர்வீக விலங்கு அல்ல. நார்மானியர் காலத்தில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் வளர்க்கப்பட்ட முயல்கள், பிற்காலத்தில் நாடெங்கும் பரவின. 1953ஆம் ஆண்டு பிரிட்டனை எட்டிய மிக்ஸோமடோசிஸ் என்ற வைரஸ் நோய், முயல்களில் மிகப் பெரும்பான்மையானவற்றை அழித்தது. மறு ஆண்டே இயற்றப்பட்ட 1954ஆம் ஆண்டின் பூச்சிகள் மற்றும் தீங்குயிர்கள் சட்டத்தின்படி, இங்கிலாந்து மற்றும் வேல்ஸின் ஏறக்குறைய முழு நிலப்பரப்பும் முயல் அகற்றும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதாவது, தன் நிலத்தில் உள்ள காட்டு முயல்களை அழிப்பதோ, அவற்றால் அண்டை நிலங்களுக்குச் சேதம் ஏற்படாமல் தடுப்பதோ நிலத்தை அனுபவிப்பவரின் கடமை. 1880ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, குத்தகை விவசாயிக்கும் தன் பயிரைக் காக்க முயலைக் கொல்லும் உரிமையைத் தந்திருந்தது. நில உரிமையாளர் எழுதி வாங்கிக்கொண்டாலும் பறிக்க முடியாத உரிமை அது.

நரியைப் பொறுத்தவரை அத்தகைய கடமை எதுவும் இல்லை. ஆனால் அதைச் சுடுவது சட்டபூர்வமானது. அதற்கெனத் தடைக்காலமும் இல்லை. நரியை நாய்க்கூட்டம் விட்டுத் துரத்திக் கொல்லும் பாரம்பரிய வேட்டை, ஸ்காட்லாந்தில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பெப்ரவரி முதலும் தடை செய்யப்பட்டது. நஞ்சு வைப்பது குற்றம். கண்ணிகளை வேல்ஸ் 2023இலும் ஸ்காட்லாந்து 2024இலும் தடை செய்தன. இப்படி ஒவ்வொரு வழியாக அடைபட்ட நிலையில், மின்வேலிக்கும் இரவுக் கொட்டகைக்கும் அப்பால் பண்ணையாளரிடம் எஞ்சியிருக்கும் முக்கிய வழி ரைஃபிள்தான்.

மூன்று வகைத் துப்பாக்கிகள், மூன்று வகை விதிகள்

பிரிட்டனில் துப்பாக்கிகளுக்கான அடிப்படைச் சட்டம் 1968ஆம் ஆண்டின் சுடுகலன்கள் சட்டமாகும். வடக்கு அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 12 அடி-பவுண்டு விசையைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கியை, 18 வயதானவர் உரிமம் இல்லாமல் வாங்கலாம். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் அதற்கும் சான்றிதழ் தேவை. முப்பது மீட்டருக்குள் உள்ள முயலுக்கு இது போதும். நரிக்கு இது ஒருபோதும் பொருந்தாது.

இரண்டாவது, ஷாட்கன் எனப்படும் சிதறுகுண்டுத் துப்பாக்கி. இதற்குச் சான்றிதழ் தேவை என்றாலும், விண்ணப்பதாரருக்குத் தகுந்த காரணம் இல்லை என்று காவல்துறை கருதினால் மட்டுமே அந்த அடிப்படையில் மறுக்க முடியும். ஒரே சான்றிதழின் கீழ் பல துப்பாக்கிகளை வைத்திருக்கலாம்.

மூன்றாவதான ரைஃபிளுக்கு விதி தலைகீழானது. தகுந்த காரணம் உண்டு என்பதை விண்ணப்பதாரரே நிறுவ வேண்டும். அதுவும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக நிறுவ வேண்டும். எத்தனை துப்பாக்கிகள், அவை என்ன அளவு, ஒரு நேரத்தில் எத்தனை தோட்டாக்களை வாங்கலாம், எத்தனையை வைத்திருக்கலாம் என்பதெல்லாம் சான்றிதழிலேயே எழுதப்படும். சான்றிதழ் இல்லாமல் ரைஃபிள் வைத்திருப்பவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

நிலமே முதல் கேள்வி

முயலையும் நரியையும் கட்டுப்படுத்துவது தகுந்த காரணமாக ஏற்கப்படுகிறது. ஆனால் அதற்கு, சுடுவதற்கு அனுமதி உள்ள நிலம் ஒன்று இருக்க வேண்டும். அது விண்ணப்பதாரரின் சொந்த நிலமாக இருக்கலாம். அல்லது நில உரிமையாளர் எழுத்துமூலம் அனுமதி அளித்த நிலமாக இருக்கலாம். அந்த நிலத்தில் அந்த விலங்குகள் உண்மையில் இருக்கின்றனவா என்பதும் பார்க்கப்படும்.

நிலம் பெரியதா சிறியதா என்பதைவிட, அதன் அமைப்பே முக்கியமானது. குறி தவறிய குண்டும், விலங்கைத் துளைத்து வெளியேறும் குண்டும் எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி. இலக்குக்குப் பின்னால் ஒரு மண்மேடோ, மலைச்சரிவோ இருந்தால் குண்டு அதில் புதைந்துவிடும். தட்டையான வயல், அதன் ஓரத்தில் பொதுமக்கள் நடைபாதை, அதற்கு அப்பால் வீடுகள் என்றிருந்தால், அந்த நிலம் குறிப்பிட்ட அளவுத் துப்பாக்கிக்குப் பொருந்தாது என்று காவல்துறை சொல்லக்கூடும். இங்கிலாந்தின் வயல்களுக்கு நடுவே பொது நடைபாதைகள் ஏராளமாகச் செல்வதால், இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல.

முதன்முறை சான்றிதழ் பெறுவோருக்குப் பெரும்பாலும், காவல்துறை பொருத்தமானதென ஏற்ற நிலங்களில் மட்டுமே சுட வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்படுகிறது. அனுபவம் கூடிய பிறகே, அனுமதி பெற்ற எந்த நிலத்திலும் தன் சொந்தப் பொறுப்பில் சுடலாம் என்று அது தளர்த்தப்படுகிறது.

எந்த அளவு?

இந்த இடத்தில்தான் துப்பாக்கியைத் தேர்வு செய்யும் வேலை தொடங்குகிறது. புதியவர்கள் பலரும் செய்யும் தவறு, முயலுக்கும் நரிக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்று நினைப்பது.

முயலுக்கு நீண்ட காலமாகப் பயன்பட்டு வருவது .22 எல்ஆர் என்ற அளவு. துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடி விளிம்பில் தட்டி வெடிக்கச் செய்யும் வகை இது. ஒலியின் வேகத்துக்குக் குறைவாகச் செல்லும் தோட்டாவைப் பயன்படுத்தினால் சத்தம் குறைவு. ஒரு முயலைச் சுட்டால் மற்றவை சிதறி ஓடுவதில்லை. விலையும் மலிவு. ஆனால் சுமார் 2.6 கிராம் எடையுள்ள அந்தக் குண்டு மெதுவாகச் செல்வதால் விரைவில் தாழ்ந்துவிடும். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்யப்பட்ட துப்பாக்கியில், 100 மீட்டரில் அது 15 சென்டிமீட்டருக்கும் அதிகமாகக் கீழே இறங்கியிருக்கும். எனவே 60, 70 மீட்டர்தான் இதன் நடைமுறை எல்லை.

சிறியது என்பதால் ஆபத்து இல்லை என்று பொருளல்ல. மேல்நோக்கிச் சுடப்பட்டால் .22 குண்டு ஒன்றரை மைல் தூரம் வரை செல்லக்கூடும் என்ற எச்சரிக்கை தோட்டாப் பெட்டிகளிலேயே அச்சிடப்படுவதுண்டு. கல்லிலும், உறைந்த தரையிலும், நீரிலும் பட்டுத் திசைமாறித் தெறிப்பதில் இந்தக் குண்டு பெயர் பெற்றது.

2002ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த .17 எச்எம்ஆர் இதற்கு மாற்றாகப் பார்க்கப்படுகிறது. சுமார் ஒரு கிராம் எடையே உள்ள இதன் குண்டு, வினாடிக்கு ஏறக்குறைய 780 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இதனால் முயலை 120, 130 மீட்டர் வரை துல்லியமாகச் சுட முடிகிறது. குண்டு மோதியவுடன் சிதறிவிடுவதால் தெறிக்கும் அபாயம் குறைவு. ஆனால் காற்றடித்தால் எளிதில் விலகும். சத்தமும் விலையும் அதிகம்.

இவ்விரண்டும் நரிக்கு உரியவை அல்ல. மிக அருகில், மிக நிதானமாகச் சுட்டால் இவற்றால் நரியைக் கொல்ல முடியும் என்பது உண்மைதான். ஆனால் சற்றுக் குறி பிசகினாலும் நரி காயத்துடன் ஓடி, புதருக்குள் நாள்கணக்கில் வதைபட்டுச் சாகும். உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டு நூலும், நரிக்கு இவற்றைவிட வலுவான, ஊசி தோட்டாவின் மையத்தில் தட்டும் வகைத் துப்பாக்கிகளையே பொருத்தமானவையாகக் கருதுகிறது. .22 ஹார்னெட் தொடங்கி .223 ரெமிங்டன், .22-250 வரையிலான அளவுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் .223 பரவலானது. சுமார் 3.6 கிராம் குண்டை வினாடிக்கு ஆயிரம் மீட்டரை நெருங்கும் வேகத்தில் செலுத்தும் இதன் விசை, .22 எல்ஆரின் விசையைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம். அதற்கேற்ப, பின்னால் உள்ள மண்மேடும் பெரிதாக இருக்க வேண்டும்.

மான்களையும் சுட வேண்டிய நிலத்தில் .243 அளவைக் கேட்பவர்களும் உண்டு. முயலுக்கு மட்டும் அனுமதி உள்ள நிலத்தைக் காட்டி இந்த அளவைக் கேட்டால் விண்ணப்பம் ஏற்கப்படாது.

இதனால் முதல் விண்ணப்பத்தில் பலர் கேட்பது இரண்டு துப்பாக்கிகள்: முயலுக்கு ஒரு .22 அல்லது .17, நரிக்கு ஒரு .223. நிலமும் காரணமும் இரண்டுக்கும் பொருந்தினால் இரண்டும் கிடைக்கும். அனுபவம் போதாது என்று காவல்துறை கருதினால், முதலில் சிறிய அளவுக்கு மட்டும் அனுமதி தரப்படலாம். அல்லது அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் சிறிது காலம் சுட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்படலாம். பிரிட்டனில் ரைஃபிள் உரிமம் கேட்பவர்களுக்குச் சட்டம் கட்டாயமாக்கிய தேர்வு எதுவும் இல்லை என்பதால், இந்த மேற்பார்வைக்கு முக்கியத்துவம் உண்டு. உரிமம் உள்ளவரின் துப்பாக்கியை, அவர் உடனிருக்க, அவருடைய அனுமதிக்குட்பட்ட நிலத்தில் இரவல் வாங்கிச் சுட்டுப் பழகவும் 17 வயது நிரம்பியவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. விண்ணப்பிப்பதற்கு முன்பே இப்படிப் பழகியவர்களின் பதில்களில் தெளிவு இருக்கும்.

துப்பாக்கி யாருடைய தயாரிப்பு என்பது இவற்றுக்கெல்லாம் பிந்திய கேள்விதான். செக் நாட்டின் சிஇசட், ஜெர்மனியின் அன்ஷூட்ஸ், பின்லாந்தின் டிக்கா போன்ற நிறுவனங்களின் துப்பாக்கிகள் பண்ணைகளில் பரவலாகப் புழங்குகின்றன. நன்கு பராமரிக்கப்பட்ட பழைய துப்பாக்கியை வாங்கி, மிச்சமாகும் பணத்தைத் தரமான தொலைநோக்கிக்கும் பயிற்சித் தோட்டாக்களுக்கும் செலவிடுவதே புதியவர்களுக்கு நல்லது என்பது அனுபவசாலிகளின் பொதுவான அறிவுரை.

ஆளைப் பற்றிய விசாரணை

விண்ணப்பம் உள்ளூர்க் காவல்துறைக்குச் செல்கிறது. 2025 பெப்ரவரியில் இதற்கான கட்டணம் 88 பவுண்டிலிருந்து 198 பவுண்டாக உயர்த்தப்பட்டது. பிரிட்டனில் வசிப்பவரும், குடும்பத்தைச் சேராதவரும், விண்ணப்பதாரரைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாக அறிந்தவருமான இருவர் அவரைப் பற்றிச் சான்று கூற வேண்டும். முந்தைய தண்டனைகள் அனைத்தையும், போக்குவரத்துக் குற்றங்கள் உட்பட, தெரிவிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர்கள் வாழ்நாள் முழுவதும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது.

2021 நவம்பர் முதல், குடும்ப மருத்துவரிடமிருந்து மருத்துவத் தகவல் பெறாமல் காவல்துறை சான்றிதழ் வழங்கக் கூடாது. மன அழுத்தம், தற்கொலை எண்ணம், மது அல்லது போதைப் பழக்கம், மறதி நோய் போன்றவை குறித்துக் கேட்கப்படுகிறது. மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றவர் என்பதற்காக மட்டும் விண்ணப்பம் தானாக நிராகரிக்கப்படுவதில்லை. ஆனால் அதை மறைப்பது, நோயைவிடப் பெரிய தடையாக அமையும்.

பின்னர் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வருவார். துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி சுவரில் உறுதியாகப் பொருத்தப்பட்டுள்ளதா, சாவி எங்கே இருக்கும், அது வேறு யாருக்காவது தெரியுமா என்று பார்ப்பார். கணவனோ மனைவியோ சாவி இருக்கும் இடத்தை அறிந்திருப்பதுகூட ஏற்கப்படாது. வீட்டில் வன்முறை நிகழ்ந்ததற்கான அறிகுறிகள் உண்டா என்பதும் ஆராயப்படுகிறது. எந்த நேரத்தில், எந்தத் திசையில் சுடுவீர்கள், இரவில் விளக்கொளியில் மின்னும் இரு கண்கள் நரியுடையவையா, பக்கத்துப் பண்ணை நாயுடையவையா என்று எப்படி உறுதி செய்வீர்கள் என்பன போன்ற கேள்விகளும் எழலாம்.

இவை எல்லாம் முடிய மாதங்கள் ஆகலாம். மறுக்கப்பட்டால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிரவுன் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியும். வழங்கப்பட்டால், சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அப்போதுதான் கடைக்குச் செல்லும் வேளை வருகிறது. விற்பவர் துப்பாக்கியின் விவரத்தைச் சான்றிதழில் எழுதிக் கொடுத்து, ஏழு நாட்களுக்குள் காவல்துறைக்கும் அறிவிக்க வேண்டும்.

சட்டத்துக்குப் பின்னால் உள்ள வரலாறு

இத்தனை கடுமையும் ஒரே நாளில் வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் துப்பாக்கியை வெளியில் எடுத்துச் செல்ல, பத்து ஷில்லிங் வரி கட்டி அஞ்சலகத்தில் ஒரு சீட்டு வாங்கினால் போதுமானதாக இருந்தது. அதே காலத்தில், 1878ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்து, இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க அதிகாரிகளின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இலங்கையிலும் 1916இல் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வந்தது. ஆனால் பிரிட்டனின் மக்களே ரைஃபிளுக்குக் காவல்துறையின் சான்றிதழைப் பெற வேண்டும் என்ற விதி, முதல் உலகப் போருக்குப் பின், புரட்சி அச்சம் ஐரோப்பாவை ஆட்டிய 1920ஆம் ஆண்டில்தான் பிறந்தது. தமிழர்கள் தம் சொந்த மண்ணில் அறிந்த துப்பாக்கி உரிமம் என்ற ஏற்பாடு, அதைக் கொண்டுவந்தவர்களின் நாட்டுக்குப் பிறகே வந்து சேர்ந்தது.

அதற்குப் பிந்திய மாற்றங்கள் துயரச் சம்பவங்களின் பின்னால் வந்தவை. 1987இல் ஹங்கர்ஃபோர்டில் ஒருவர் 16 பேரைச் சுட்டுக் கொன்றதையடுத்து, பெரிய அளவிலான தானியங்கி ஏற்ற ரைஃபிள்கள் தடை செய்யப்பட்டன. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் அவர்களின் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. 2021 ஆகஸ்ட் 12ஆம் தேதி, பிளிமத் நகரின் கீஹம் பகுதியில், சான்றிதழ் பெற்ற ஷாட்கன் வைத்திருந்த இளைஞர் ஒருவர், மூன்று வயதுச் சிறுமி உட்பட ஐந்து பேரைக் கொன்றார். தாக்குதல் சம்பவம் ஒன்றையடுத்துப் பறிமுதல் செய்யப்பட்ட அவருடைய துப்பாக்கியை, அந்தக் கொலைகளுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் காவல்துறை திருப்பிக் கொடுத்திருந்தது. 2023இல் முடிந்த மரண விசாரணை, அந்தக் காவல்துறையின் உரிமப் பிரிவில் கடுமையான தவறுகள் நடந்ததாக முடிவு செய்தது.

மருத்துவச் சான்று கட்டாயமானது அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். ஷாட்கன்களுக்கான விதிகளையும் ரைஃபிள்களுக்கான விதிகளுக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது குறித்துக் கருத்துக் கேட்கப் போவதாக அரசு 2025இல் அறிவித்தது.

நம்பிக்கைக்கு ஒரு காலவரையறை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் ஒன்றரை லட்சம் பேர் ரைஃபிள்களுக்கான சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். சட்டத்தை மதித்து நடப்பவர்கள் மீது சுமை கூடிக்கொண்டே போகிறது, உரிமப் பிரிவுகளின் தாமதத்துக்குத் தாங்கள் கட்டணம் செலுத்துகிறோம் என்பது நாட்டுப்புற மக்கள் பலரின் குறை. குட்டி ஈனும் காலத்தில் நரி வந்துபோகும் பண்ணைக்கு, மாதக்கணக்கான காத்திருப்பு உண்மையான இழப்புதான். கீஹமில் உறவினரை இழந்தவர்களோ, ஒரே ஒரு கேள்வி சரியாகக் கேட்கப்பட்டிருந்தால் தம்மவர் உயிரோடு இருந்திருப்பார்கள் என்று நினைக்க இடமுண்டு. இரு தரப்பின் நியாயமும் ஒரே இடத்தில்தான் மோதுகிறது: விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக் கதவைத் தட்டும் அந்த அதிகாரியின் தீர்ப்பில்.

ஆகவே, முதல் துப்பாக்கியை வாங்க நினைப்பவர் தயாரித்துக்கொள்ள வேண்டியது விலைப்பட்டியலை அல்ல. இந்த நிலம், இந்த விலங்கு, இந்த அளவு, இந்த மண்மேடு என்று ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு பொருத்திக் காட்டக்கூடிய ஒரு விளக்கத்தைத்தான். அந்த விளக்கம் சரியாக இருந்தால், எந்தத் துப்பாக்கி என்பது ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடும். அதன் பிறகும் அவருக்குக் கிடைப்பது ஐந்து ஆண்டுகளுக்கான நம்பிக்கை மட்டுமே. அது முடியும்போது அதே கேள்விகள் மீண்டும் கேட்கப்படும்.